உப்புப் போத்தல் காரில் போய்வந்த மாதம்

நியூசிலாந்தில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லோரும் அவளிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் குடிக்கிறாயா? தலை வலித்தால் தண்ணீர் குடி. கால் குறண்டிப் பிடித்தால் தண்ணீர் குடி. களைப்பாக இருந்தாலும் அதுதான், நித்திரை வராவிட்டாலும் அதுதான். வேலை இடத்தில் எனக்கு இரண்டு லிட்டர் போத்தல் ஒன்றைப் பரிசாகவே தந்தார்கள். அதன் உடம்பில் மணிக்கு ஒரு கோடு போட்டு, 'விடாதே', 'இன்னும் கொஞ்சம்தான்' என்று எழுதியிருந்தது. ஒரு போத்தல் என்னை அதட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று அன்றைக்கே எரிச்சல் வந்தது. எரிச்சல் பட்டுக்கொண்டே குடித்தேன். என் கோளாறே அதுதான். எவ்வளவு முணுமுணுத்தாலும் கடைசியில் சொன்னதைச் செய்துவிடுவேன்.

நான் வேலை செய்வது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஓக்லாந்தின் மூலை முடுக்குகளில் எடுக்கப்படுகிற ரத்தம் சின்னக் குழாய்களில் எங்களிடம் வந்து சேரும். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. மஞ்சள் மூடிக் குழாய் சோடியம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும். பதினொரு வருடமாக இதே வேலை என்பதால் எனக்கு ஆட்களின் முகத்துக்கு முன் எண்கள்தான் தெரியும். பஸ்ஸில் எதிரே வெளிறிப்போன ஒருவர் உட்கார்ந்தால், இவருக்கு ஹீமோகுளோபின் எண்பதுக்கு மேல் இருக்காது என்று மனம் தானாகவே சொல்லும். சோடியம் நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போனால் குறைவு. நூற்று இருபத்தைந்துக்குக் கிட்டப் போனால் இயந்திரம் சிவப்புக் காட்டும். உடனே அந்த நோயாளியின் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை நானே அப்படி அழைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இந்தப் பல்லி விழுந்தது பார்லித் தண்ணீரில்.

கல்யாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கிய முதல் பிள்ளை. எனக்கு வயது முப்பத்தாறு. நான் யாழ்ப்பாணம், கணவர் தூத்துக்குடி. கிளென்ஃபீல்டில் மேட்டின் மேல் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. பிரசவத்துக்கு வரவேண்டிய அம்மாவின் விசா ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் தூங்கிக்கொண்டிருந்தது. முப்பதாவது வாரத்தில் என் கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் சப்பாத்து நுழையவில்லை, பிறகு செருப்பு நுழையவில்லை, கடைசியில் கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இங்கே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவளுக்கென்று பிரசவம் பார்க்கிற தாதி, ஒரு மிட்வைஃப், உண்டு. வீட்டுக்கே வந்து பார்ப்பார். என்னுடையவர் அறுபது வயதுக்காரி, எதற்கும் பதறாதவர். அவரே என் ரத்த அழுத்தத்தை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. சிறுநீரில் புரதம் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிரீஎக்லாம்ப்சியா என்றார்கள்.

பெயர் எனக்குப் புதிதல்ல. அந்தப் பெயர் எழுதிய படிவங்களோடு வருகிற குழாய்களை நான் தினமும் கையில் எடுப்பவள். பிள்ளைக்குச் சாப்பாடு போகிற நச்சுக்கொடி சரியாக ஊன்றாததால் தாயின் ரத்தக் குழாய்களெல்லாம் குழம்பிப்போகிற வியாதி. அழுத்தம் ஏறும். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறையும். ஈரல் பழுதாகலாம், வலிப்பு வரலாம். முழுதாகக் குணமாக வேண்டுமானால் பிள்ளை வெளியே வர வேண்டும். ஆனால் முப்பது வாரத்தில் எடுத்தால் பிள்ளையின் நுரையீரல் தயாராக இருக்காது. முப்பத்து நான்கு வாரம் வரை எப்படியாவது ஓட்டிவிட்டால் நல்லது என்றார் மருத்துவர். அதன்பிறகு நான் கும்பிட்ட சாமி அந்த முப்பத்து நான்குதான். காலண்டரில் அதைச் சிவப்பால் வட்டம் போட்டு, பல் துலக்கும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை தந்தார்கள். வேலைக்குப் போகாதே என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். உப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் எங்கள் ஆட்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

முதலில் நிரப்பியவர் என் கணவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அடுப்படியில் இருந்த உப்புப் போத்தலைக் காணவில்லை.

"உப்புப் போத்தல் எங்கையப்பா?" என்றேன்.

"கார் டிக்கில இருக்கு. வீட்டுல இருந்தா நீ போட்டுக்கிடுவ."

"ஆர் சொன்னது உப்பை நிப்பாட்டச் சொல்லி?"

"யாராவது சொல்லணுமா? பிரஷர்னாலே உப்பு ஆகாதுன்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்லா."

அவர் பிறந்து வளர்ந்தது உப்பளத்துக்குப் பக்கத்தில். அவருடைய அப்பா உப்பு லாரி ஓட்டியவர். ஊரிலிருந்து உப்பைக் கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, இங்கே விற்பதெல்லாம் உப்பே இல்லை என்று என்னிடம் ஆறு வருடம் பீற்றிக்கொண்டவர். அந்த மனிதர் உப்புப் போத்தலைக் காரில் பூட்டி வைத்துக்கொண்டு, வெஸ்ட்கேட்டில் இருக்கிற தன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் வந்தார். காலையில் அது போகும், மாலையில் திரும்பி வரும், வீட்டுக்குள் மட்டும் வராது. ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, கருவாடு போயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது என் தட்டிலே வந்தது. உப்பில்லாத பருப்பை அவரும் எனக்காகச் சேர்ந்து சாப்பிட்டார் என்பதுதான் இன்னும் பெரிய கொடுமை. தனியாகச் சாப்பிட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

இரண்டாவதாக நிரப்பியவர் அக்கா.

சொந்த அக்கா இல்லை. எங்கள் ஜெபக் குழுவில் இருக்கிற மன்னார்க்காரி. ஐம்பது வயது இருக்கும். இருப்பது நகரத்தின் மறுகோடியில், ஒடாஹுஹுவில், வேலை செய்வது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில். எங்கள் குழுவில் யாராவது பிள்ளைத்தாச்சி என்றால் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். அக்காவுக்கு முறையெல்லாம் கிடையாது. என் கால் வீங்கிய செய்தி காதில் விழுந்த மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ஒன்றரை லிட்டர் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றார்.

"பார்லித் தண்ணி. கால் வீக்கத்துக்கு இதுதான் மருந்து. முழுக்கக் குடிச்சுப் போடு பிள்ளை."

கால் வீங்கிய பிள்ளைத்தாச்சிக்குப் பார்லி காய்ச்சிக் கொடுப்பது எங்களில் புதிய விஷயமல்ல. பார்லி சிறுநீரை இறக்கும், வீக்கம் வற்றும் என்று நம்பிக்கை. ஒரு கிளாஸ் என்றால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. அக்காவின் அகராதியில் ஒரு கிளாஸ் என்கிற அளவே இல்லை. மத்தியானம் வேலை முடிந்து மூன்றரைக்குத் திரும்பி வருவார். ஃபிளாஸ்க்கை வாங்கி மூடியைத் திருகி, அப்படியே தொட்டிக்கு மேல் கவிழ்த்துப் பார்ப்பார். ஒரு சொட்டு விழக்கூடாது. பிறகு பையிலிருந்து அடுத்த ஃபிளாஸ்க் வெளியே வரும். முதியோர் இல்லத்து அடுப்பிலேயே காய்ச்சியது.

"அக்கா, மிட்வைஃப் வேறை இரண்டு லிட்டர் போத்தலைத் தந்திருக்கிறா..." என்று ஒருநாள் இழுத்தேன். பொய். தந்தது வேலை இடத்துக்காரர்கள். அக்காவிடம் எடுபடுவதற்காக மிட்வைஃப் பெயரை இழுத்தேன்.

"அதையும் குடி. அது பச்சைத் தண்ணி. இது மருந்து."

ஒரே ஒரு நாள் அரைவாசியை ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றினேன். அன்றைக்கு அக்கா கவிழ்த்துப் பார்த்து, என் கன்னத்தைத் தட்டி, "என்ரை குஞ்சு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஒழுங்காகக் குடித்தேன். அதோடு கணவர் வாங்கிவந்த இளநீர்ப் பெட்டிகள், உப்பில்லாத சூப், உப்பில்லாத கஞ்சி. எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே நாள் போயிற்று. வீக்கம் வற்றவில்லை. வற்றவில்லை என்பதற்காக அக்கா இன்னும் கொஞ்சம் பெரிய ஃபிளாஸ்க் வாங்கினார்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. முப்பத்திரண்டு வாரமும் ஐந்து நாளும். காலை எழும்பியதிலிருந்து தலை கனத்தது. குமட்டல். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம், உப்பும் வினிகரும் போட்ட சிப்ஸ் ஒரு பாக்கெட் வேண்டும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், கணவருக்குத் தெரியாமல் டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைக் கடைக்குள் கள்ளியைப்போல நுழைந்தேன். பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வங்கி அட்டையை நீட்டினேன். அட்டையின் பின் நம்பர் நினைவுக்கு வரவில்லை. பதினொரு வருடமாக ஒரே நம்பர். கடைக்காரர் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். நான் விரலை எண்களுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எதற்காக நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

உட்கார்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும், மிட்வைஃப் அழைத்தார். குரலில் அந்தப் பதறாத தன்மை இல்லை. ரத்தக் கூடத்திலிருந்து தனக்குத் தொலைபேசி வந்ததாகவும், என் சோடியம் நூற்று இருபத்துமூன்று என்றும், பையை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னார். நான் என் மூளைக்குள் அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அழைப்பைச் செய்தது கூடத்தில் என் பக்கத்துக் கதிரைக்காரியாகத்தான் இருக்க வேண்டும். குழாயில் என் பெயரைப் பார்த்திருப்பாள். எனக்கு நேரடியாகச் சொல்ல விதி இடம் தராது. இந்தத் தடவை இயந்திரம் சிவப்புக் காட்டியது என் ரத்தத்துக்கு.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி, வயிற்றில் பட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பு அறை முழுவதும் குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்டது. கணவர் வெஸ்ட்கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அக்கா வந்துவிட்டார். மூன்றரைக்கு வீட்டுக்குப் போய், ஆள் இல்லாததைப் பார்த்து, கணவரை அழைத்து விசாரித்துக்கொண்டு நேரே வந்திருக்கிறார். சீருடையோடு, மடியில் ஃபிளாஸ்க்கோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மருத்துவர் என்னைவிட இளைய பெண். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைவலி எப்போதிருந்து? பார்வை மங்குகிறதா? வாந்தி? பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். பெருமையாகத்தான் பார்த்தார். நல்ல மார்க் வாங்கப்போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"வழக்கம்போலத்தான்," என்றேன். "எட்டு கிளாஸ் இருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அக்காவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெட்கம். பதினொரு வருடம் சோடியம் பார்த்தவள், ஐந்து லிட்டர் தண்ணீரை வயிற்றில் ஊற்றிவிட்டு வந்து படுத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

மருத்துவர் போய், நரைத்த தலைமருத்துவர் ஒருவரோடு திரும்பி வந்தார். தட்டணுக்களும் கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அளவாகக் குடித்தும் சோடியம் இப்படி விழுகிறது என்றால் வியாதியே முற்றுகிறது என்று அர்த்தம். இதற்குமேல் காத்திருந்தால் எனக்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்கும் அதே குறைந்த சோடியம்தான். பிள்ளையின் நுரையீரலுக்கு இப்போதே ஒரு ஊசி போடுவோம், நாளைக் காலை அறுவை செய்து எடுப்போம். எல்லாம் அமைதியாக, தெளிவாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார்கள்.

"யேசுவே," என்றார் அக்கா. பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். "இந்தா, ஒரு வாய் குடி. தெம்பு வேணும்."

எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அக்கா மேல், கணவர் மேல், காரில் ஊர்சுற்றுகிற உப்பு மேல், அதட்டுகிற போத்தல் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். உப்பே தின்னாத நான் குளம் குளமாகக் குடித்துவிட்டு, இப்போது எட்டு கிளாஸ் என்று ஒரு பொய்யும் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நாளைக் காலை என் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள். முப்பத்து நான்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளை என் பிள்ளையிடமிருந்து பிடுங்கியது வியாதியா, என் வாயா என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

மணியை அழுத்தினேன். மருத்துவர் வந்தார்.

"நான் சொன்னது பிழை," என்றேன். "காலையில் ஒன்றரை லிட்டர் பார்லித் தண்ணீர். மத்தியானம் இன்னொரு ஒன்றரை. போத்தலில் இரண்டு லிட்டர். அதற்குமேல் இளநீர், சூப். மூன்று வாரமாக இப்படித்தான். மூன்று வாரமாக உப்பும் இல்லை."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஐந்து லிட்டரா?"

"கூடவும் இருக்கும்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை என்றேன். அது சுத்தமான உண்மை. இந்த வியாதியில் உடம்பு தண்ணீரை வெளியேற்றச் சிரமப்படும், உப்பும் உள்ளே போகாமல் தண்ணீர் மட்டும் போனால் ரத்தம் நீர்த்துப்போகும் என்று எனக்கு விளக்கினார். எனக்கு! நான் தலையாட்டினேன். திட்டத்தை மாற்றினார்கள். நுரையீரல் ஊசி போடுவது போடுவதுதான். அறுவையை மட்டும் தள்ளிவைக்கிறோம். இந்த நிமிடத்திலிருந்து ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான். உப்புப் போட்ட சாப்பாடு. ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை ரத்தம். எண் ஏறினால் பிள்ளை உள்ளேயே இருக்கட்டும். ஏறாவிட்டால் பழைய திட்டம்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் நடந்தது. அக்கா இருபது வருடம் இந்த நாட்டு முதியவர்களோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுகிறவர். ஒரு சொல்லையும் தவறவிட்டிருக்க மாட்டார். மூடியில் ஊற்றிய பார்லித் தண்ணீரைத் திரும்ப ஃபிளாஸ்க்குக்குள் ஊற்றினார். மூடியைத் திருகினார். திருகியதையே இன்னொரு தடவை திருகினார்.

"நான் வாறன் பிள்ளை," என்று எழும்பிப் போய்விட்டார்.

கணவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் உப்புப் போத்தல். கார் தரிப்பிடத்திலிருந்து ஐந்தாம் மாடி வரைக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"நான் ஒரு மடப்பயல்," என்றார். "உப்புக்காரன் மவன்னு சொல்லிக்கிட வெக்கமா இருக்கு."

ஆஸ்பத்திரிச் சோற்றில் அவரே தூவினார். ஒரு வாய் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ருசிக்காகத்தான் அழுதேன், பாசத்துக்காக அல்ல. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாள் தாகத்தை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை. குடிக்காதே என்றதும்தான் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியது. தேநீர் வண்டி தள்ளிவருகிற அம்மாள் ஒவ்வொரு முறையும் தலையை நீட்டி, தண்ணீர் வேண்டுமா கண்ணே என்று கேட்டார். கட்டிலின் தலைமாட்டில் கொட்டை எழுத்தில் ஒரு லிட்டர் என்று எழுதி ஒட்டியிருந்ததற்கு நேர் கீழே நின்று கேட்டார். எண் மட்டும் ஏறியது. நூற்று இருபத்து நான்கு. இருபத்தாறு. இருபத்தொன்பது. மெதுவாகத்தான் ஏற வேண்டும், அவசரமாக ஏறினால் மூளைக்குக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் தாதியைக் கேட்டு உயிரை எடுத்தேன். நூற்று முப்பத்திரண்டு என்று வந்த அன்று, நாளைக்கு அறுவை இல்லை, நாளை மறுநாளும் இல்லை என்றார் மருத்துவர்.

அக்கா வரவில்லை. கணவர் அழைத்துப் பார்த்தார். வேலை கூடிப்போச்சு என்றாராம். ஜெபக் குழுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு. அக்காவை மட்டும் காணவில்லை. முதல் இரண்டு நாள் எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து மணி மூன்றரை ஆனால் கண் வாசலுக்குப் போயிற்று.

ஒன்பது நாள்தான் கேட்டேன். பதினொரு நாள் கிடைத்தது. முப்பத்து நான்கு வாரமும் இரண்டு நாளும் ஆனபோது, நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் எண்பத்து நான்குக்கு விழுந்து, ஈரல் எண்ணும் ஏறியது. சோடியம் அப்படியே அசையாமல் நின்றது. இது தண்ணீரின் வேலையல்ல, வியாதியின் வேலைதான் என்று இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்று மத்தியானமே எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவு. தானாகவே அழுதாள், என்னைவிட எரிச்சல் வந்தவள் மாதிரி.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்கு வெளியே, தாய்மார் சாப்பிடுகிற சின்ன அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவில் அக்கா. சீருடை இல்லை, நல்ல சேலை. கையில் ஒரு சாப்பாட்டுக் கேரியர். ஃபிளாஸ்க் இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பிள்ளையின் எடையைச் சொன்னேன், மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள், தெரியுமோ?" என்றார்.

தெரியாது. மூன்று வாரமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்துபோன பெண்ணிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"எங்கடை ஊர் யுத்தத்துக்கை இடம்பெயர்ந்து இருந்த நேரம். எட்டு மாசம் அவளுக்கு. கால் ரெண்டும் உன்ரை மாதிரித்தான், தூண் கணக்கா. ஆஸ்பத்திரி எண்டு ஒண்டும் இல்லை. பக்கத்துக் கொட்டிலிலை இருந்த மருத்துவிச்சி பாத்திட்டு, பார்லி காய்ச்சிக் குடு, வத்திப்போகும் எண்டவா. பார்லிக்கு நான் எங்கை போறது? அரிசியே இல்லை. நாலு நாள் முழுக்க ஒவ்வொரு சனமாக் கேட்டுத் திரிஞ்சனான். ஒரு பிடி பார்லி. ஒருத்தரிட்டையும் இல்லை. அஞ்சாம் நாள் வலிப்பு வந்திட்டுது."

கேரியரின் கைப்பிடியைத் தூக்கித் தூக்கி விட்டார்.

"இஞ்சை எந்தக் கடையிலையும் அடுக்கிக் கிடக்கு. ஒரு பாக்கெட் ரெண்டு டொலர்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீ ரத்தம் பாக்கிறனி. உனக்குத் தெரியும். அண்டைக்குப் பார்லி கிடைச்சிருந்தாலும் அவள் போயிருப்பாளோ?"

எட்டு கிளாஸ் என்று சொல்கிற என் பழைய வாய் ஒரு நொடி திறந்தது. தெரியாது அக்கா, எல்லாம் ஆண்டவர் விருப்பம் என்று சொல்லலாம். சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம்.

"ஓம் அக்கா," என்றேன். "போயிருப்பா. பார்லியாலை அந்தப் பிரஷர் வருத்தத்துக்கு ஒண்டும் நடக்காது. ஆஸ்பத்திரி இருந்திருக்க வேணும், பிள்ளையை எடுத்திருக்க வேணும். நீங்கள் கிழமைக் கணக்கிலை தேடியிருந்தாலும் ஒண்டும் மாறியிராது."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரிக் கேரியரைத் திறந்தார். சோறு, முருங்கையிலைச் சொதி, மீன் பொரியல். முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றையும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். அதற்குள் உப்பு.

"சொதிக்கு உப்புப் போடேல்லை. டொக்டர்மார் உனக்கு எவ்வளவு சொல்லியிருக்கினமோ எனக்குத் தெரியாது. நீயே போடு."

போட்டேன். கலந்து ஒரு வாய் வைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணுமோ?"

"இல்லை அக்கா, கூடிப்போச்சு."

"அப்ப கொஞ்சம் தண்ணி குடி," என்றார் அக்கா. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த தண்ணீர்க் கூசாவைப் பார்த்தார். பிறகு எழும்பி, கிளாஸை எடுத்து, அரைவாசிக்கு ஊற்றி நிறுத்திவிட்டு, "இவ்வளவு காணுமோ?" என்று கேட்டார்.

போதும், காணும் என்றேன். வாங்கிக் குடித்தேன்.